எந்த வேலைக்கான கை

பிசியோதெரபி படிக்கும் பிள்ளைகள் முதலில் தங்களுக்குள்தான் பழகுகிறார்கள். ஒருத்தி கட்டிலில் படுத்துக்கொள்வாள், இன்னொருத்தி அவள் முட்டியை மடக்கிக் கோணமானியை வைத்து அளப்பாள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். இருவருக்கும் பத்தொன்பது வயது. எல்லா மூட்டும் முழுசாக மடங்குகிறது, எல்லாத் தசையும் ஐந்துக்கு ஐந்து வாங்குகிறது. ஒரு குறையும் இல்லாத உடம்பில் குறையைத் தேடிப் பழகும் காலம் அது. அதற்குப் பிறகுதான் வார்டு. அங்கே கட்டிலில் இருப்பவரின் கை அவர் சொன்னதைக் கேட்பதில்லை. அவர் முகமோ, இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று பார்க்கிறது.

தசைக்கு மதிப்பெண் போடும் முறை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்தது. நரம்பு அறுபட்டுத் திரும்பிய சிப்பாய்களைச் சோதிக்க பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதைப் பரப்பியது. எண்பது ஆண்டு கழிந்தும் உலகம் முழுக்க அதே அளவுதான். நன்றாக எதிர்த்து அழுத்தினாலும் விட்டுக்கொடுக்காத தசைக்கு ஐந்து. ஓரளவு எதிர்ப்பைத் தாங்கினால் நான்கு. பூமியின் இழுப்பை மட்டும் மீறித் தூக்கினால் மூன்று. கையின் எடையை யாராவது தாங்கிக்கொண்டால்தான் அசைகிறது என்றால் இரண்டு. ஒன்றுதான் கடினம். மூட்டு அசையாது, கண்ணுக்கு எதுவும் தெரியாமல்கூடப் போகலாம். தசைநாணின் மேல் விரல்நுனியை வைத்து, "மடக்கப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு சின்ன இறுக்கம் வந்து போகும். அதை உணர்ந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம்.

அவசரத்தில் இருக்கும் மாணவர் பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். எழுதப்பட்ட பூஜ்யத்துக்கு ஒரு விளைவு உண்டு: அந்தத் தசைக்கு உரிய பயிற்சியை அடுத்து வருகிறவர் தொடங்க மாட்டார். மூன்றையும் நான்கையும் கண்ணால் பார்த்துக் கற்கலாம், புத்தகத்தில் படம் உண்டு. ஒன்றைக் கற்க அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாணவியின் விரலைப் பிடித்து சரியான இடத்தில் வைத்து, "இப்போ பார்" என்று சொல்ல வேண்டும். மருத்துவமனைப் பயிற்சி என்று பாடத்திட்டத்தில் எழுதியிருக்கும் நூற்றுக்கணக்கான மணி நேரங்களுக்குள் நான் தேடுவது இந்த ஒரு நிமிடத்தைத்தான்.

மாதனூரில் நின்று இதை யோசிக்கக் காரணம் இருக்கிறது. ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டி, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். ஒன்றியத்துக்குத் தலைமையிடம். திருப்பத்தூர் மாவட்டம் 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்தபோது இந்தப் பக்கம் வந்தது. ஆனாலும் பெரிய நோய் என்றால் வண்டி வேலூரை நோக்கித்தான் திரும்பும். சுற்றிலும் கையை நம்பிய வேலைகள். தோல் பதனிடும் இடத்தில் ஈரத்தோலைத் தூக்கி டிரம்மில் போடுகிறவர்கள், உருளைகளுக்கு நடுவே தோலை விட்டு எடுக்கிறவர்கள். ஷூ கம்பெனிகளில் பெண்கள். விடிந்ததும் விடியாததுமாக வேனுக்காகச் சாலையோரம் டிபன் பையோடு நிற்கிறவர்களை இந்த வழியாகப் பேருந்தில் போகிற எவரும் பார்த்திருக்கலாம். அப்பர் தைப்பது, ஓரம் சீவுவது, பேஸ்டிங் போடுவது என்று நாள் முழுக்கக் கழுத்து குனிந்திருக்கும், தோள் தூக்கியே இருக்கும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே பிடியில் இருக்கும். முப்பத்தைந்து வயதில் கழுத்து வலி என்று வருகிற பெண்ணுக்கு எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாது. "கரண்ட் வெச்சா நல்லா இருக்குது" என்பாள். பத்து நாள் வைப்பாள். கம்பெனிக்குத் திரும்பிய மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே வலி.

இந்தக் கைகளுக்குச் சட்டம் ஒரு விலை வைத்திருந்தது. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் விரல் விரலாகக் கணக்கு இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ என்றால் 7. நான்கு விரலும் போனால் 50. இழப்பீடு பெற்றுத்தர அந்தக் கணக்கு தேவைப்பட்டது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கைக்குள் நடக்கும் கணக்கு வேறு. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்திருக்கிறார்கள்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைப் பார்த்தவர் 1948-இல் வேலூரில் அந்தக் கைகளில் தசைநாண் மாற்று அறுவையைத் தொடங்கினார். நோய் சில நரம்புகளைத்தான் கொல்கிறது. முன்கையில் இருக்கும் வலுவான தசைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அப்படித் தப்பிய ஒன்றை எடுத்து, செயலிழந்ததன் வேலைக்கு மாற்றிப் பொருத்தலாம். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்காமல் போனால் கை எதையும் பிடிக்காது. அதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் வழிகளில் ஒன்று, மோதிர விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்குக் கொண்டுபோவது. சட்டம் 7 என்று மதிப்பிட்ட விரல் தன்னிடம் உள்ளதில் ஒன்றைத் தந்துதான் 30 மதிப்புள்ள விரல் உயிர் பெறுகிறது.

அறுவை முடிந்ததும் மருத்துவரின் வேலை முக்கால்வாசி முடிந்துவிடும். ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரிக்கும் நாளில் பிசியோதெரபிஸ்டின் வேலை ஆரம்பம். நோயாளி கட்டைவிரலை அசைக்க முயல்வார், அசையாது. ஏனென்றால் மூளைக்கு இன்னும் செய்தி போகவில்லை. அந்தத் தசை மோதிர விரலுக்குரியது என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது. எனவே, "மோதிர விரலை மடக்குங்க" என்று சொல்ல வேண்டும். அவர் மோதிர விரலை நினைப்பார், கட்டைவிரல் எழும்பும். முதல் தடவை அதைப் பார்ப்பவர்கள் தம் கையையே வேற்றுக் கை மாதிரி பார்ப்பார்கள். பிறகு நாள்கணக்கில் அதையே செய்ய வேண்டும்; ஒரு கட்டத்தில் மோதிர விரலை நினைக்கத் தேவையில்லாமல் போகும். வேகமாகப் போனால் தையல் விட்டுப்போகும், மெதுவாகப் போனால் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு என்பது அந்தக் கையைத் தினமும் தொடுகிறவருக்குத்தான் தெரியும். 1955-இல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் ஷிஃபிலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்த பிறகு இந்தத் தொடுகை ஒரு படிப்பாகவே ஆனது. மடங்கி இறுகிய விரல்களுக்கு மெல்லிய மாவுக்கட்டு உருளைகளைப் போட்டு, சில நாளுக்கு ஒருமுறை பிரித்து, இன்னும் கொஞ்சம் நீட்டி மறுபடி போடுவது. தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவி நீவுவது. உணர்ச்சியற்ற பாதங்களுக்கு மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்துச் செருப்புச் செய்வது. தோலும் செருப்புமாக வாழும் வட்டாரத்தில் அந்தச் செருப்பு மருந்தாகவும் ஆனது.

பிராண்ட் எழுதியதில் இரண்டு செய்திகள் பிசியோதெரபி மாணவர் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லப்பட வேண்டியவை என்று நினைக்கிறேன். ஒன்று பூட்டுக் கதை. துருப்பிடித்த பூட்டில் அவரால் சாவியைத் திருப்ப முடியவில்லை. தொழுநோயாளியான ஒரு சிறுவன் வாங்கிச் சட்டென்று திருப்பிவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் சாவி எலும்புவரை வெட்டியிருந்தது. அவனுக்கு வலிக்கவில்லை. வலுவை அளக்க எத்தனையோ கருவி இருக்கிறது. எவ்வளவு வலுவைப் பயன்படுத்தலாம் என்று கைக்குச் சொல்வது வலிதான். சூடு ஒத்தடமோ மெழுகுச் சிகிச்சையோ கொடுக்கும் முன் இரண்டு சோதனைக் குழாய்களில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் எடுத்து நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, எது சூடு, எது குளிர்ச்சி என்று கேட்க வேண்டும் என்பது பாடம். பரபரப்பான புறநோயாளிப் பிரிவில் மாணவர்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். தொழுநோய் குறைந்துவிட்டது. ஆனால் சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதங்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒத்தடப் பையால் வெந்துபோன பாதம் ஆறுவதற்குள் ஒரு குடும்பம் எவ்வளவு அலையும் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொரு செய்தி அறுவை வெற்றியடைந்த பிறகு நடந்தது. கை சரியான ஒருவர் ஊருக்குப் போனார், சில காலத்தில் திரும்பி வந்தார். பிச்சைக்கு இந்தக் கை உதவாது என்றார். மடங்கிய கைக்கு இரக்கப்பட்டுக் காசு போட்டவர்கள் நேரான கைக்குப் போடவில்லை. வேலை கொடுக்கவும் ஆளில்லை, தங்க இடம் கொடுக்கவும் ஆளில்லை. தழும்பு சொல்லும் பழைய நோயைக் கண்டு ஒதுங்கினார்கள். அதற்கப்புறம்தான் சி.எம்.சி. வளாகத்திலேயே 1951 வாக்கில் நவஜீவ நிலையம் உருவாகி, சரிசெய்த கைகளுக்குத் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். எந்தக் கருவியின் பிடி எந்த விரலைப் புண்ணாக்குகிறது என்று அங்கேதான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். இந்தக் கை எந்த வேலைக்குத் திரும்பப் போகிறது என்ற கேள்வி சிகிச்சையின் கடைசியில் கேட்க வேண்டியதல்ல என்பதை அவர்கள் நிறைய இழந்து கற்றார்கள். நம் மாணவர்கள் நிரப்பும் படிவங்களில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 'கூலி' என்றோ 'ஷூ கம்பெனி' என்றோ எழுதி நகர்கிறார்கள். ஷூ கம்பெனியில் எந்த மெஷின், உட்கார்ந்தா நின்றா, பெடல் எந்தக் காலில், தோலை எந்தக் கையால் தள்ளுகிறார் என்று கேட்டால் சிகிச்சையின் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கும்.

மேரி வர்கீஸைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954-இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தானே நோயாளியாகப் பயிற்சி பெற்று, அதன்பின் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் மாதக்கணக்கில் அங்கே தங்கி, புரண்டு படுப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு உடம்பை மாற்றுவதை ஒரு நோயாளிக்குச் சொல்லிக்கொடுத்தபோது, எங்கே கை வழுக்கும், எங்கே பயம் வரும் என்பது மேரி வர்கீஸுக்குத் தன் உடம்பிலேயே தெரிந்திருந்தது. மாணவர்களுக்கு அந்த அறிவு வர வழியில்லை, வரவும் வேண்டாம். அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி நோயாளியிடம் கேட்பது. கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது.

இங்கே வீடுகளுக்குள் போனால் பாடப்புத்தகத்தின் முதல் பக்கமே உதவாது. நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது என்று பயிற்சி தொடங்கும். வீட்டில் நாற்காலி ஒன்றுதான் இருக்கும், அது விருந்தாளிக்கு. சாப்பாடு தரையில், படுக்கை தரையில், கழிப்பறை குந்தி உட்காருவது. பக்கவாதம் வந்து ஆறு மாதமான ஒருவர் ஆஸ்பத்திரிக் கூடத்தில் இணைகம்பிகளுக்கு நடுவே அழகாக நடப்பார். வீட்டில் பாயிலிருந்து எழ முடியாமல் மகனுக்காகக் காத்துக் கிடப்பார். தரையிலிருந்து எழுவதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது: நல்ல பக்கம் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, முட்டி போட்டு, திண்ணையையோ கட்டிலின் விளிம்பையோ பிடித்து எழுவது. அதைக் கற்றுத்தர அந்த வீட்டுத் தரையில் மாணவரும் உட்கார வேண்டும்.

ஆம்பூர்ப் பக்கம் வயதான ஒரு முஸ்லிம் பெரியவருக்கு முட்டித் தேய்மானம் என்றால் அவர் மனசிலிருக்கும் குறிக்கோள் கிலோமீட்டர் கணக்கில் நடப்பது அல்ல. தொழுகையில் சஜ்தா செய்ய வேண்டும், நெற்றி தரையில் பட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் வரிசையில் மற்றவர்களோடு குனிய ஆசைப்படுகிறார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை முட்டி எவ்வளவு மடங்க வேண்டும், எத்தனை முறை எழ வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்த மாணவர் அவரோடு பேசத் தகுதி பெறுகிறார். அவரோடு உருது கலந்து நாலு வார்த்தை பேச முடிந்தால் இன்னும் நல்லது. பாதி வீடுகளில் பெண்கள் வலியை உருதுவில்தான் சொல்வார்கள்.

வலதுகை விழுந்துவிட்ட ஒருவரிடம், "இடதுகையால சாப்பிடப் பழகுங்க" என்று சொல்வது சுலபம். அவர் சோற்றை மறுத்துவிட்டு ஊட்டிவிடும் வரை காத்திருப்பார். பசியாற அவருக்கு வழியுண்டு. இடதுகை வாய்க்குப் போவதை மருமகள் பார்ப்பதைத்தான் அவரால் தாங்க முடிவதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் 'ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பெழுதும் மாணவரின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவரை அந்த வீட்டுக்கு ஒருமுறையேனும் அழைத்துப்போகாத படிப்பின் மேல் வருகிறது.

ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு, "தினமும் மூணு வேளை, பத்துப் பத்து தடவை" என்று எழுதிக்கொடுப்பார்கள். அவள் நாளில் அந்த மூன்று வேளை எங்கே இருக்கிறது? காலையில் சமைத்து, பிள்ளையைக் கிளப்பி, வேன் பிடித்து, இருட்டிய பிறகு வந்து மறுபடி அடுப்பு. என் அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி பிசியோதெரபி படிக்கிறாள். அவள் தன் அத்தையின் நாளிலேயே அந்த வேளைகளைத் தேடிப்பார்த்தாள். கழுத்துப் பயிற்சியை வேனில் போகும் நேரத்துக்கு மாற்றினாள். தோளைப் பின்னால் இழுப்பதை உலை கொதிக்கும் நேரத்துக்கு வைத்தாள். "அத்தே, குக்கர் விசில் ஒண்ணு வந்தா பத்து" என்றாள். அத்தை அதை விடாமல் செய்கிறார். கழுத்து முழுக்கச் சரியாகிவிடவில்லை, கம்பெனியில் இருக்கையின் உயரம் மாறாதவரை ஆகவும் ஆகாது. ஆனால் தூக்கம் வருகிறது என்கிறார்.

இருக்கையின் உயரத்தைப் பற்றி யார் கேட்பது? இதுதான் மாணவர்களின் பயிற்சியில் நான் காணாத இடம். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த உடம்பை மட்டும் பார்த்து வளரும் மாணவர், அந்த உடம்பை அப்படி ஆக்கும் மேசையையும் ஸ்டூலையும் பார்ப்பதே இல்லை. ஒரு விரல் அகலம் ஸ்டூலை உயர்த்தினால் தோள் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லும் இடத்தில் அவர் இல்லை.

நாடு முழுக்கவும் பயிற்சியின் நிலை ஒன்றுபோல் இல்லை. 1953-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில், போலியோவின் நிழலில், இந்தப் படிப்பு தொடங்கியது. அன்று மாணவர் சிலர், நோயாளிகள் ஏராளம். இன்று பல இடங்களில் அது தலைகீழ். ஒரே பக்கவாத நோயாளியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று, முன்னால் நிற்கும் இருவர் மட்டும் தொட்டுப் பார்ப்பார்கள். மின்சிகிச்சை அறையில் போட்டால் பட்டை ஒட்டுவது, நேரம் வைப்பது, கழற்றுவது. பதிவேட்டில் கையெழுத்து விழுந்துவிடும். மக்களும் கரண்ட் வைப்பதுதான் பிசியோதெரபி என்று நம்பி வந்து நிற்கும்போது இளம் மாணவருக்கு அதை மறுக்கத் துணிவு வருவதில்லை. புத்தூர்க் கட்டுக்குப் போய்விட்டு, எலும்பு கோணலாகக் கூடிய பிறகு வருகிறவரைத் திட்டி அனுப்பும் பெரியவர்களைப் பார்த்து அதையும் கற்கிறார்கள். கட்டுப் போடுகிறவர் உட்காரவைத்துப் பேசினார், தொட்டுப் பார்த்தார், வீட்டுக் கதை கேட்டார். அதனால்தான் அங்கே போனார்கள். நாம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்ததாகத்தான் பெரும்பாலோருக்குத் தெரியும். அதற்குள் பிசியோதெரபியும் இருக்கிறது. ஒன்றிய அளவில் பிசியோதெரபிஸ்ட் வண்டியில் கிளம்பி, ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்குப் போகிறார். படுக்கையில் கிடக்கும் ஒருவரின் தோள் இறுகாமல் இருக்க அந்த வருகை போதாது; ஆனால் வீட்டிலுள்ள யாரோ ஒருவருக்கு எப்படிப் புரட்டுவது, எப்படி மடக்குவது என்று காட்டிவிட்டுப் போக அது போதும். நோயாளியின் பேத்தி கற்றுக்கொள்கிறாள். சில வீடுகளில் அவள்தான் உண்மையான சிகிச்சையாளர்.

அந்த வண்டியில் மாணவருக்கு ஓர் இடம் வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. தமிழ்நாட்டில் இதுவரை படிப்பு நாலரை ஆண்டு, அதில் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். துணை மருத்துவத் துறைகளுக்கான 2021-இன் தேசிய ஆணையச் சட்டத்தைத் தொடர்ந்து வந்திருக்கும் புதிய பாடத்திட்டம் அந்த ஆறு மாதத்தை ஓராண்டாக நீட்டுகிறது. கூடுதலாகக் கிடைக்கும் மாதங்களையும் மின்சிகிச்சை அறையில் கழிக்கவிட்டால் ஒரு தலைமுறை மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம் அது. ஒரு மாதமாவது மாதனூர் மாதிரி ஓர் ஒன்றியத்தில் வீடுகளுக்குப் போகட்டும். ஒரு வாரம் ஷூ கம்பெனியின் தையல் பிரிவில், நிர்வாகத்தின் அனுமதியோடு, மேசை உயரத்தையும் கழுத்தின் கோணத்தையும் அளந்து எழுதட்டும். கரிகிரியில் சில நாள் இருந்து, உணர்ச்சியற்ற கையைத் தொட்டு அறியட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க விருப்பமில்லை. ஒன்றியத்துக்குப் போகும் பிசியோதெரபிஸ்டுக்கு ஏற்கெனவே பார்க்க முடியாத அளவுக்கு வீடுகள். பாலாற்றைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு வீடு, மலையடிவாரத்தில் இன்னொன்று என்று சுற்றுகிறவருக்கு, நின்று மாணவியின் விரலைப் பிடித்துத் தசைநாண் மேல் வைத்து, "இப்போ பார்" என்று சொல்ல நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டியது கல்லூரிகள். கட்டணம் வாங்குகிறவர்கள் அவர்கள். சொல்லிக்கொடுக்கும் நாள்களில் அவருக்குப் பதிலாகச் சுற்றுக்குப் போக இன்னோர் ஆளை அமர்த்த வேண்டியது அரசு. இரண்டும் நடக்காமல் மாணவர்களை வெறுமனே வண்டியில் ஏற்றிவிட்டால், வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு. அந்தப் பிள்ளைகளுக்குப் பதிவேட்டில் இன்னொரு கையெழுத்து.